மணிக்கு எழுபது காசு

ஒரு சீட்டுக்கட்டை எடுத்து நன்றாகக் கலையுங்கள். அதிலிருந்து ஒரு சீட்டை மட்டும் உருவி, பார்க்காமல் மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். மீதி ஐம்பத்தொன்றையும் என்னிடம் கொடுங்கள். இருபத்தைந்து வினாடிகளில் புரட்டி முடித்துவிட்டு, கவிழ்ந்து கிடப்பது பெரிய சீட்டா, சின்னச் சீட்டா, இரண்டுக்கும் நடுவில் உள்ளதா என்று சொல்லிவிடுவேன். மந்திரமெல்லாம் இல்லை. தொடக்கப்பள்ளிக் கூட்டல் கழித்தல்தான்.

இந்த வித்தையை எந்த விருந்திலும் நான் செய்து காட்டியதில்லை. நான் வளர்ந்த ஈசூன் வீட்டில் சீட்டுக்கட்டே கிடையாது. தீபாவளிக்கு வந்த மாமாக்கள் பொழுதுபோகாமல் ரம்மி ஆட உட்கார்ந்தால்கூட, அம்மா பேசாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். அடுத்த நிமிடம் பாத்திரங்கள் சத்தமாக உருளும். மாமாக்கள் சீட்டை மடித்து வைத்துவிடுவார்கள்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். தொண்ணூறுகளில், கோல்டன் மைல் கட்டடத்திலிருந்து புறப்படும் இரவுப் பேருந்தில் ஏறி கெந்திங் மலைக்குப் போய்வருவார். மாதம் ஒருமுறை என்று தொடங்கி, வாரம் ஒருமுறை ஆனது. நான் தொடக்கநிலை நான்கு படித்த ஆண்டு அம்மாவின் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. அது திரும்பி வர மூன்று ஆண்டுகள் பிடித்தன.

2010ல் செந்தோசாவிலும் மரினா பேயிலும் சூதாட்டக் கூடங்கள் திறந்தபோது, அப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மலைக்குப் போவதை அவர் விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. "இப்ப எம்ஆர்டி தூரத்துல வந்துருச்சு. என் பேரத் தடைப் பட்டியல்ல போட்ரு," என்றார். தன்னைத்தானே விலக்கிக்கொள்ளும் அந்தப் படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. அப்பாவைவிட நான் விவரமானவன் என்று மனத்துக்குள் ஒரு நினைப்பு வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கணக்கு பொய்யில்லை

2015ல் நிறுவனம் என்னை இரண்டு ஆண்டுப் பணிக்குத் தெற்குக் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பியது. மனைவி தொடக்கப்பள்ளி ஆசிரியை. வேலையை விட்டு வர இயலாததால் சிங்கப்பூரிலேயே இருந்தார். வார இறுதிகள் எனக்கு மிக நீளமாக இருந்தன.

ஒரு சனிக்கிழமை அலுவலக நண்பர்கள் லாஸ் வேகாஸுக்குக் கிளம்பினார்கள். நானும் தொற்றிக்கொண்டேன். நான்கரை மணி நேரப் பாலைவனப் பாதை. வழியில் பேக்கர் என்ற சிற்றூரில் 134 அடி உயரத்துக்கு ஒரு வெப்பமானி நிற்கும். அதைத் தாண்டும்போது வண்டி ஓட்டிய நண்பர், சூதாட்டக் கூடத்தைக் கணக்குப் போட்டே தோற்கடித்த பேராசிரியரைப் பற்றிச் சொன்னார். தரவுகளைப் பகுத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. காது நிமிர்ந்தது.

பிளாக்ஜாக், சீனப் புத்தாண்டில் நம் நண்பர்கள் வீட்டில் ஆடும் 'பான் லக்'குக்கு அண்ணன் முறை. 21ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் எடுக்க வேண்டும். டீலருக்குச் சொந்த முடிவு கிடையாது. 17 வரும்வரை அவர் சீட்டு எடுத்தே ஆகவேண்டும். இந்த ஆட்டத்தை எப்படி ஆடினால் மிகக் குறைவாகத் தோற்போம் என்று, அமெரிக்க ராணுவத்தில் இருந்த நால்வர் மேசைக் கணக்குப் பொறிகளை வைத்தே கணக்கிட்டு, 1956ல் ஒரு புள்ளியியல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அவர்கள் சொன்னபடி பிசகாமல் ஆடினால், நல்ல விதிகள் உள்ள மேசையில் கூடத்தின் சாதகம் ஏறத்தாழ அரை விழுக்காடுதான். நூறு டாலர் பந்தயத்துக்குச் சராசரியாக ஐம்பது காசு இழப்பு.

அந்த ஐம்பது காசையும் தாண்டியவர் எட்வர்ட் தோர்ப் என்ற கணிதவியலாளர். எம்ஐடியில் ஐபிஎம் 704 கணினியைக் கொண்டு, எந்தச் சீட்டு தீர்ந்துபோனால் யாருக்குச் சாதகம் என்று கண்டுபிடித்தார். 1962ல் அவருடைய 'பீட் த டீலர்' நூல் வெளிவந்தது. பகடைக்கு நினைவு கிடையாது, சீட்டுக்கட்டுக்கு உண்டு என்பதுதான் அடிப்படை. போன சீட்டு அடுத்த கலைப்புவரை திரும்பி வராது. மிச்சமிருக்கும் கட்டில் பத்தும் படங்களும் ஏஸும் நிறைய இருந்தால் ஆடுபவருக்கு நல்லது. முதல் இரண்டு சீட்டில் 21 வந்தால் ஆடுபவருக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும், டீலருக்கு அந்தக் கூடுதல் இல்லை. தவிர, 12 முதல் 16 வரை கையில் வைத்துக்கொண்டு கட்டாயமாக இன்னொன்று எடுக்கும் டீலர், பெரிய சீட்டு வந்து கவிழ்வார்.

எல்லாச் சீட்டையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பின்னாளில் பரவலான 'ஹை-லோ' முறையில் 2 முதல் 6 வரை வெளியே வந்தால் ஒன்றைக் கூட்டுங்கள். 7, 8, 9 வந்தால் விட்டுவிடுங்கள். பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் வந்தால் ஒன்றைக் கழியுங்கள். வரும் எண்ணை, இன்னும் மிச்சமிருக்கும் கட்டுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். ஆறு என்பது மூன்று கட்டு மிச்சமிருக்கையில் வெறும் இரண்டு. ஒரு கட்டுதான் மிச்சம் என்றால் முழு ஆறு. அந்த விடை ஒன்று ஏறினால் ஏறத்தாழ அரை விழுக்காடு சாதகம் நம் பக்கம் நகர்கிறது. கூடும்போது பந்தயத்தைக் கூட்டு, குறையும்போது குறை. ஒரு முழுக் கட்டு சுழியத்தில்தான் முடியும். தொடக்கத்தில் சொன்ன வித்தையின் ரகசியமும் அதுதான். ஒன்றைக் கூட்டிய நிலையில் ஐம்பத்தொன்றாவது சீட்டு முடிந்தால், கவிழ்ந்து கிடப்பது பெரிய சீட்டு.

மூன்று மாதம் தினமும் ஒரு மணி நேரம் பழகினேன். வானொலியை அலற விட்டுக்கொண்டு எண்ணினேன். பல்பொருள் அங்காடி வரிசையில் நின்றபடி எண்ணினேன். இது சூதாட்டமே இல்லை, சூதாட்டத்துக்கு நேர் எதிரானது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணக்கின்படி அது உண்மையும்கூட.

எந்த மேசையில் உட்காரலாம்

எண்ணத் தெரிந்தால் மட்டும் போதாது. எண்ணத் தகுந்த மேசை வேண்டும். அங்கேதான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, 21க்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது. பழைய முறைப்படி இரண்டுக்கு மூன்று. 25 டாலர் வைத்தால் 37.50 வரும். இப்போது பல மேசைகளில் ஐந்துக்கு ஆறுதான். அதே 25க்கு 30 மட்டுமே வரும். ஏழரை டாலர்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு மாற்றமே கூடத்தின் சாதகத்தை ஏறத்தாழ 1.4 விழுக்காடு கூட்டிவிடுகிறது. எண்ணிச் சம்பாதிப்பதை எல்லாம் அது ஒன்றே விழுங்கிவிடும்.

அடுத்தது, எத்தனை கட்டு, அதில் எவ்வளவு ஆழம்வரை போடுகிறார்கள் என்பது. டீலர் கட்டுக்குள் ஒரு வண்ண அட்டையைச் செருகி வைப்பார். அது வெளியே வந்ததும் மறுபடி கலைப்பார்கள். இரண்டு கட்டு ஆட்டத்தில் 104 சீட்டுகள். 75, 80 வரை போட்டால் அது தங்கமான மேசை. பாதியிலேயே கலைத்தால், நம் எண்ணிக்கை கனியும் நேரத்தில் கிளையை வெட்டிய கதைதான். நான் மேசைக்குப் பின்னால் நின்று ஆட்டத்தைப் பார்க்கவே மாட்டேன். அந்த அட்டை எங்கே செருகப்படுகிறது என்று மட்டும் பார்ப்பேன்.

மூன்றாவது, இயந்திரம். ஒவ்வொரு சுற்றிலும் போன சீட்டுகளை உடனே உள்ளே வாங்கிக் கலைத்துக்கொண்டே இருக்கும் வகை ஒன்று உண்டு. அங்கே சீட்டுக்கட்டின் நினைவை அழித்துவிட்டார்கள். எண்ணுவது வீண். நான்காவது, ஆட்டத்தின் நடுவில் சேரக்கூடாது என்ற அறிவிப்புப் பலகை. தள்ளி நின்று எண்ணிவிட்டு, நல்ல நேரத்தில் வந்து உட்காருகிறவர்களைத் தடுக்கத்தான் அது.

இவற்றையெல்லாம் வடிகட்டினால், ஒரு சனிக்கிழமை இரவில் நான் கடந்துபோன நாற்பது மேசைகளில் மூன்றோ நான்கோ தேறும். அங்கே 25 டாலருக்கும் 150 டாலருக்கும் இடையில் பந்தயத்தை ஏற்றி இறக்கினால், என் கணக்கில் மணிக்குச் சராசரி 25 டாலர் வரவேண்டும். சராசரி என்ற சொல்லை அழுத்தி வாசியுங்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்நூறு, அறுநூறு மேலேயோ கீழேயோ போவது வெகு சாதாரணம். ஒரு பிழையும் செய்யாமல் ஆடிய ஓர் இரவில் 1,900 டாலர் தோற்றேன். விடியற்காலையில் வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து, எண்ணிக்கை எல்லாம் சரிதானே என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பணம்தான் இல்லை.

பல் மருத்துவர்

தலைக்குள் எண்ணுவது நெவாடாவில் குற்றமில்லை. கருவி வைத்து எண்ணுவதைத்தான் 1985ல் சட்டம் போட்டுக் குற்றமாக்கினார்கள். ஆனால் கூடம் தனியார் இடம். "இனி ஆடாதீர்கள்" என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. நியூ ஜெர்சியில் கென் அஸ்டன் என்பவர் வழக்குப் போட்டு, எண்ணுகிறார் என்பதற்காக மட்டும் ஒருவரைக் கூடம் வெளியேற்ற முடியாது என்று 1982ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்றார். விளைவு? அங்கே கட்டுகளைக் கூட்டினார்கள், சீக்கிரமே கலைத்தார்கள். ஆளை வெளியேற்ற முடியாவிட்டால் என்ன, ஆட்டத்தை மாற்றிவிட்டால் போயிற்று.

நெவாடாவில் எனவே ஒளிந்து ஆட வேண்டும். கூரையில் இருக்கும் கேமராக்கள் முகத்தைவிடப் பந்தயத்தைத்தான் பார்க்கின்றன. எண்ணிக்கை ஏறும்போதெல்லாம் ஒருவனுடைய பந்தயமும் ஏறுகிறதா? மேலே இருப்பவருக்கும் எண்ணத் தெரியும். சில கலைப்புகளுக்குள் கண்டுபிடித்துவிடுவார்.

நான் எனக்கென்று விதிகள் வகுத்துக்கொண்டேன். ஒரு மேசையில் 45 நிமிடங்களுக்குமேல் இருப்பதில்லை. ஒரே பணிமுறையில் அதே கூடத்துக்குத் திரும்புவதில்லை. தோற்றவுடன் பந்தயத்தைக் கூட்டுவதில்லை. வென்ற சில்லுகளை அப்படியே விட்டுவைப்பதுபோல் கூட்டினால், அது ஆசை பிடித்தவன் செய்வதுபோல் தெரியும். சோடாவில் எலுமிச்சைத் துண்டு போட்டு வாங்கினால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது ஜின். எப்போதாவது தெரிந்தே ஒரு தவறான ஆட்டம். இப்படி ஒவ்வொரு வேடத்துக்கும் விலை உண்டு. இருக்கும் ஒரு விழுக்காட்டுச் சாதகத்திலிருந்துதான் அதைக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு சங்கடம். தனியாக வந்து, சட்டையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, அமைதியாக உட்கார்ந்திருக்கும் இந்திய முகத்தைப் பார்த்தால் எவரும் 'பொறியாளர்' என்றுதான் நினைப்பார்கள். அது ஆபத்து. எனவே பெயரை மாற்றினேன், தொழிலை மாற்றினேன். ஓர் இரவு நான் பல் மருத்துவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூதாட்டி உடனே தன் நாற்காலியை என் பக்கம் திருப்பி, வாயைத் திறந்து, கடைவாய்ப் பல்லைக் காட்டினார். எண்ணிக்கை ஏழு. கையில் பெரிய பந்தயம். நான் அந்த வாய்க்குள் எட்டிப் பார்த்து, "திங்கட்கிழமை கட்டாயம் போய்க் காட்டுங்கள்," என்றேன். அவர் நன்றி சொன்னார். இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது.

வெற்றிகரமான வேடம் எதுவென்றால், நல்ல சூதாடி வேடம்தான். தோற்றால் தொடையில் ஓங்கித் தட்டி "சே!" என்பேன். மேற்பார்வையாளர் புன்னகையோடு நகர்ந்துவிடுவார். அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் யோசித்தேன். அப்பாவுடையது. நான்கு நம்பர் முடிவைப் பார்க்கும்போது அவர் அப்படித்தான் தட்டுவார்.

டிவி சத்தம்

2016 செப்டம்பரில், பதினான்காவது பயணத்தில் பிடிபட்டேன். பிடிபட்டேன் என்பதே பெரிய சொல். கோட்டு போட்ட ஒருவர் மெல்ல வந்து என் அருகில் நின்றார். "உங்கள் ஆட்டம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வேறு எதை வேண்டுமானாலும் ஆடுங்கள், பிளாக்ஜாக் மட்டும் வேண்டாம்," என்றார். குரல் உயரவில்லை. சில்லுகளை மாற்றிக்கொள்ளும்வரை கூடவே நடந்து வந்தார். எந்தக் கூடம் என்பது இங்கே முக்கியமில்லை. அவர் மரியாதைக் குறைவாக எதுவும் செய்யவில்லை.

எனக்கு அவமானமாக இல்லை. பெருமையாக இருந்தது! தேர்வில் முதல் மாணவனாக வந்ததுபோல் இருந்தது. யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்று துடித்தேன். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி ஒலித்தது. மனைவி. அங்கே இரவு பதினொரு மணி. சிங்கப்பூரில் மறுநாள் ஞாயிறு பிற்பகல் இரண்டு.

"எங்க இருக்கீங்க? ஒரே சத்தமா இருக்கு."

நான்கு பக்கமும் காசுப் பொறிகள் மணியடித்துக்கொண்டிருந்தன.

"வீட்லதான். டிவி ஓடுது," என்றேன்.

ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. குரல் மாறவில்லை. பிறகு அத்தை எப்படி இருக்கிறார், பள்ளியில் தேர்வு முடிந்ததா என்றெல்லாம் கேட்டேன். பேசி முடித்துக் கைப்பேசியைப் பையில் போட்ட பிறகுதான், இவ்வளவு சுலபமாக எனக்கு இது எப்போது வந்தது என்று நினைத்தேன். முகம் மாறாமல், கேட்டவுடன், நம்பும்படி ஒன்றைச் சொல்வது. அதைத்தானே ஒரு வருடமாகப் பழகியிருந்தேன்.

அந்தக் கேள்வியோடு நான் திருந்தினேன் என்று எழுத ஆசைதான். இல்லை. இன்னொரு கூடத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

கழுவிய டிபன் கேரியர்

அந்த ஆண்டு தீபாவளிக்கு விடுப்பில் வந்தேன். ஈசூன் வீட்டில் தங்கிய இரவு, நேர வித்தியாசத்தால் தூக்கம் வரவில்லை. அதிகாலை மூன்று மணிக்குச் சாப்பாட்டு மேசையில் சீட்டைப் பரப்பிப் பழகிக்கொண்டிருந்தேன். அம்மா பார்த்தால் என்ன ஆகும் என்ற பயத்தில், ஒரு காதை அறைப் பக்கம் வைத்திருந்தேன். வந்தவர் அப்பா.

தண்ணீர் குடிக்க வந்தவர் நின்று பார்த்தார். "கை நல்லாப் பழகியிருக்கு," என்றார்.

மறைக்க வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தோர்ப், ஒன்றைக் கூட்டு, ஒன்றைக் கழி, கட்டின் ஆழம், இரண்டுக்கு மூன்று. அப்பா எதிரில் உட்கார்ந்து கவனமாகக் கேட்டார். கேட்ட கேள்விகளெல்லாம் விவரமானவை. மலையில் எத்தனை சீட்டு மிச்சம் இருக்கும்போது கலைப்பார்கள் என்று இருபது ஆண்டுகள் கழித்தும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

"அப்ப இது சூதாட்டம் இல்லங்கிற."

"இல்லப்பா. கணக்கு."

"சரி." தண்ணீரைக் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார். "மருமகளுக்குத் தெரியுமா?"

நான் சீட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். அப்பா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு தன் கதையைச் சொன்னார். அதுவரை நான் கேட்டிராத கதை.

"நைட் ஷிஃப்ட்டுன்னு சொல்லிட்டுத்தான் போவேன். யூனிஃபார்ம் போட்டுக்குவேன். உங்கம்மா கட்டிக் குடுத்த டிபன் கேரியரையும் எடுத்துக்குவேன். யோங் பெங்ல பஸ் நிக்கும். எல்லாரும் பிஸ்கட் வாங்குவாங்க. நான் ஒண்ணும் வாங்க மாட்டேன். வாங்கினா ஏது, எங்கன்னு கேப்பாளே. அவ்வளவு சூதானமா இருந்தேன்."

"அப்புறம் அம்மா எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"அந்த டிபன் கேரியர்தான். வேலைக்குப் போற நாள்ல அத நான் கழுவினதே இல்ல. அப்படியே கொண்டாந்து வச்சுருவேன். மலைக்குப் போற நாள்ல பாதிச் சோறு மிஞ்சிரும். அதக் கொட்டிட்டு, தெரியக் கூடாதேன்னு பளபளன்னு கழுவி எடுத்தாருவேன். அவ மொதத் தடவையே புரிஞ்சுக்கிட்டா. ஆறு வருஷம் கழிச்சுத்தான் எங்கிட்ட சொன்னா."

"ஆறு வருஷமா ஏன் கேக்கல?"

"நானும் அதத்தான் கேட்டேன். நீங்களா வந்து சொல்வீங்கன்னு பார்த்தேன்னா."

அப்பா எழுந்து விளக்கை அணைக்கப் போனார். நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அணைக்காமல் போய்விட்டார்.

பெட்ரோல் எங்கே?

மறுநாள் மாலை, மனைவியோடு தேக்காவில் துணி எடுத்துவிட்டுக் கோப்பிக்கடையில் உட்கார்ந்தபோது சொன்னேன். எல்லாவற்றையும், பல் மருத்துவர் வரைக்கும்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கு டிவியில யாருமே பேசல. மணி மட்டும் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு," என்றார். அந்த ஐந்து வாரங்களாக அவர் வேறு என்னென்னவோ நினைத்திருக்கிறார். அவற்றையும் அன்று சொன்னார். இங்கே எழுத மாட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போது, 1,900 டாலர் போன இரவு எனக்கு ஒன்றுமில்லாததாகத் தெரிந்தது.

கடைசியில், "கணக்கு எழுதி வச்சிருப்பீங்களே, காட்டுங்க," என்றார்.

காட்டினேன். எனக்குப் பெருமையான நோட்டுப் புத்தகம் அது. தேதி, மணி நேரம், மேசை விதி, வரவு செலவு எல்லாம் பத்தி பத்தியாக இருக்கும். பதினான்கு பயணம், 160 மணி நேர ஆட்டம், நிகர வெற்றி 3,140 டாலர். கணக்குப்படி நான்காயிரம் வந்திருக்க வேண்டும், அதில் பெரிய பிசகில்லை என்று விளக்கினேன்.

ஆசிரியை அல்லவா! மாணவன் கணக்கைத் திருத்துவதுபோல் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். "பெட்ரோல் எங்க?"

எழுதவில்லை.

"ரூம் வாடகை? சாப்பாடு?"

அவையும் இல்லை. ஆயிரக்கணக்கான சீட்டுகளில் ஒன்றையும் விடாமல் எண்ணிய நான், அவற்றை எண்ணவே இல்லை. உட்கார்ந்து கூட்டினோம். போக வர 540 மைல், ஓர் இரவு தங்கல், சாப்பாடு. ஒரு பயணத்துக்கு 210 டாலர் வந்தது. பதினான்குக்கு 2,940. மிச்சம் 200 டாலர்.

"வண்டி ஓட்டின நேரம்?"

ஒரு பயணத்துக்கு ஒன்பது மணி நேரம். மொத்தம் 126. ஆட்டத்தோடு சேர்த்தால் 286 மணி நேரம். அவரே கைப்பேசியில் வகுத்தார். நோட்டின் கடைசிப் பக்கத்தில், என் எண்களுக்குக் கீழே, சிவப்பு மையில் எழுதினார்: மணிக்கு எழுபது காசு.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்க அடுத்த பொங்கல்வரை ஆனது.

கதவுக்கு ஆறு மணி நேரம்

மீதமிருந்த ஓராண்டுப் பணியில் நான் அந்தப் பாலைவனப் பாதையில் போகவில்லை. சுலபமாக இருக்கவில்லை. பணத்துக்காக ஏங்கவில்லை. ஒரு பெரிய கூடத்தில் எவருக்கும் தெரியாத ஒன்று எனக்கு மட்டும் தெரியும் என்ற அந்த உணர்வுக்குத்தான் ஏங்கினேன். அலுவலகத்துக்கு வண்டி ஓட்டும்போது முன்னால் போகும் வண்டிகளின் எண்பலகைகளைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பேன்.

2017ல் சிங்கப்பூர் திரும்பினேன். இங்கே நண்பர்கள் சிலருக்கு என் பழைய கதை தெரியும். அவர்கள் கேட்டால் முதலில் ஒரு வகுத்தல் கணக்குச் சொல்வேன். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கூடத்துக்குள் நுழைய ஒரு நாள் கட்டணம், 2010ல் 100 வெள்ளியாக இருந்தது. 2019 ஏப்ரல் முதல் 150 வெள்ளி. என்னைப்போல் மணிக்கு 25 எதிர்பார்க்கும் ஒருவர், நல்ல மேசை கிடைத்து, ஒரு தவறும் செய்யாமல் ஆறு மணி நேரம் ஆடினால், கதவுக்குக் கொடுத்த காசு திரும்ப வரும். ஏழாவது மணியிலிருந்துதான் வரவு. அதுவும் சராசரிக் கணக்குத்தான்.

அப்பாவின் பெயர் இன்னும் தடைப் பட்டியலில் இருக்கிறது. நீக்கச் சொல்லி அவர் கேட்டதில்லை. அம்மா இப்போது அந்த டிபன் கேரியரில் எங்கள் வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்புகிறார். நான் அதைக் கழுவாமல்தான் திருப்பிக் கொடுக்கிறேன். அப்பா வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்வதில்லை.

அண்மையில் அலுவலகத்து இளைஞர் ஒருவர், திருமணமாகி ஓராண்டுதான் ஆகிறது, ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணே, எனக்கும் எண்ணக் கத்துக்குடுங்க," என்றார். பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்தேன். 2 முதல் 6 வரை ஒன்றைக் கூட்டு, பெரியவை வந்தால் ஒன்றைக் கழி. கெட்டிக்காரர், உடனே பிடித்துக்கொண்டார். நுழைவுக் கட்டணக் கணக்கையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார், கலங்கவில்லை.

"வீட்ல என்ன சொல்லிட்டுப் போவீங்க தம்பி?" என்று கேட்டேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.